கழுத்தளவுத் தண்ணீர்

காப்பார்,
14 ஜூன் 2025

அன்பு மகள் புனிதாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இதென்ன புதுப் பழக்கம், கடிதம் என்று கேட்பாய். போனை நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? நான் கத்தியிருப்பேன், நீ அழுதிருப்பாய், நடுவில் லைன் கட்டாகியிருக்கும், யார் முதலில் வைத்தது என்று அதற்கு வேறு தனியாக ஒரு சண்டை நடந்திருக்கும். காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் இது.

படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரே வாசகம் ஆட்டுக் கொட்டகைக் கதவில் இருக்கிறது: 'கதவைச் சாத்தவும்.' ஆடுகள் அதை மதிப்பதே இல்லை. நீயாவது இதைப் படி.

மாப்பிள்ளை போர்ட் கிள்ளானில் வேலை முடிந்து, வழக்கம்போலச் சனிக்கிழமை முட்டை எடுக்க வந்தார்.

"ரிஷி எப்படி இருக்கான், மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கான், மாமா."

"தாமரை?"

"நல்லா இருக்கா, மாமா."

"புனிதா?"

உடனே முட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டார். முப்பது குழி உள்ள தட்டில் முப்பது முட்டைதானே இருக்கும்? இரண்டு தடவை எண்ணினார். நல்ல மனுஷர். நம் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை முட்டைத் தட்டுகளுக்கு அடியில் வைக்கிறேன். பள்ளி விடுமுறை முழுவதும் இருப்பதாக வந்த பிள்ளைகளை மூன்றாம் நாளே அழைத்துப் போய்விட்டாய். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ரிஷி 'போலீஸ்' என்று பெயர் வைத்தானே, எல்லாரையும் திட்டிக்கொண்டு திரியும் அந்தக் கோழி, அது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. குஞ்சு பொரிப்பதைப் பார்க்க அவன் வரவேண்டாமா? அவன் செருப்பு ஒன்று வாசலில் இருக்கிறது. இன்னொன்று குளத்துக்குள். கெலி மீன் ஏதாவது போட்டுக்கொண்டு திரிகிறதோ என்னவோ.

கோபத்தை விடு, அம்மா.

அப்பா,
தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
21 ஜூன் 2025

அப்பா,

செருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். தனேஷ்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது என்ன என்று உங்களிடமிருந்து எனக்கு வந்த தகவல் ஒரே வரி: "பையன் கொஞ்சம் நனைஞ்சிட்டான்." மீதியைத் தாமரை சொல்லித் தெரிந்துகொண்டேன். மீனுக்குத் தீனி போட ரிஷி பலகைப் பாலத்தில் ஏறியிருக்கிறான். உங்கள் வாத்து துரத்தியிருக்கிறது. ஓடியவன் வழுக்கி ஆழமான பக்கம் விழுந்திருக்கிறான். நீங்கள் பின்னாலேயே இறங்கியிருக்கிறீர்கள். கழுத்தளவு தண்ணீர் வந்ததும் சேற்றில் கால் மாட்டிக்கொண்டு, "கயிறு! கயிறு!" என்று கத்தியபடி நின்றிருக்கிறீர்கள். என் மகள் குதித்துத் தம்பியைக் கரைக்கு இழுத்து வந்தாள். பிறகு கயிறு எடுத்துப் போட்டு உங்களையும் இழுத்தாள்.

அவளுக்குப் பதினோரு வயது, அப்பா. எங்கள் அடுக்குமாடிக் கொண்டோ நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட நீச்சல். அதை வைத்து ஒரே நாளில் இரண்டு பேரைக் கரை சேர்த்திருக்கிறாள். ஒருவனுக்கு ஏழு வயது. இன்னொருவருக்கு அறுபத்தாறு.

வருஷக்கணக்காக மீன் வளர்க்கிறீர்கள். உங்களுக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுக்க விபத்து பைல்களைப் பார்க்கிறவள். எல்லா பைலிலும் யாரோ ஒருவர் "ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்" என்று எழுதியிருப்பார்.

பிள்ளைகள் இனித் தோட்டத்துக்கு வரமாட்டார்கள்.

புனிதா


காப்பார்,
28 ஜூன் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

காலி முட்டைத் தட்டில் உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, கணக்காக எழுதியிருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நீந்தத் தெரியாது என்பதை நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாம் மீன் பிடிக்கும் விதம் உனக்குத் தெரியுமே. முதல் நாளே பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவோம். முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் வலையோடு இறங்குவது. குளம் நிறைந்திருக்கும்போது நான் அதற்குள் இறங்க வேண்டிய வேலை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது.

சரி, செய்த வேலைகளைச் சொல்கிறேன். பலகைப் பாலத்தைப் பிடுங்கி எறிந்தாயிற்று. வாத்தைப் பக்கத்துத் தோட்டத்துச் சீனர் ஆ செங்கிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே நடந்து திரும்பி வந்துவிட்டது. மறுபடி கொண்டுபோய் விட்டேன். மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஆ செங்கின் வாத்து ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன.

குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போடுகிறேன். பூட்டும் போடுகிறேன். போதுமா?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
5 ஜூலை 2025

அப்பா,

போதாது. ஆட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தச் சொல்லி எழுதி வைத்திருக்கிறீர்கள். சாத்துகிறீர்களா? போன தீபாவளிக்கு ஆடு வரவேற்பறையில் நின்று முறுக்குத் தின்றதை நான் மறக்கவில்லை. வேலிக் கதவையும் இப்படித்தான் சாத்துவீர்கள்.

எல்லாவற்றையும் சிரித்தே கடத்திவிடப் பார்க்காதீர்கள். ரிஷி தூக்கத்தில் எழுந்து உட்காருகிறான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் கத்துகிறான்.

குளத்தை மூடுங்கள். மண் அடித்து மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

புனிதா


காப்பார்,
12 ஜூலை 2025

புனிதாவுக்கு,

ரிஷி கத்துகிறான் என்று படித்த பிறகு எனக்குச் சிரிப்பு எதுவும் வரவில்லை.

மூடிவிடுகிறேன். மண் லோரிக்குச் சொல்லிவிட்டேன். மீன் எல்லாவற்றையும் ஆ செங் எடுத்துக்கொள்வார். இந்த மாதக் கடைசியில் வேலை முடிந்துவிடும்.

குளம் இல்லாமல் நான் இருந்துவிடுவேன். உங்கம்மா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது விடுமுறைக்கு விடுமுறை இந்தப் பிள்ளைகள் போடும் சத்தம்தான். அது இல்லாமல் என்னால் முடியாது.

போலீசுக்கு ஒன்பது குஞ்சு. ரிஷியிடம் சொல்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
19 ஜூலை 2025

அப்பா,

மண் லோரியை நிறுத்துங்கள். இன்றைக்கே போன் பண்ணி நிறுத்துங்கள்.

ஒன்பது குஞ்சு என்று ரிஷியிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். பேச்சோடு பேச்சாக, தாத்தா குளத்தை மூடப் போகிறார் என்றும் சொல்லிவிட்டேன். தாமரை சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏன்மா மூடறாங்க? நான் குதிச்ச இடம்மா அது!"

"ஆபத்துடி."

"குளம் என்னம்மா பண்ணுச்சு? தாத்தாவுக்குத்தான் நீந்தத் தெரியல!"

இத்தனை நாளாக அவள் பயந்துபோயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பள்ளியில் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். வாத்து ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே போகிறதாம். அவள் ஜெயித்த இடத்தை மண் போட்டு மூடச் சொன்னது நான்.

ஆகவே என் நிபந்தனையை மாற்றி எழுதுகிறேன். வேலி வேண்டும், பூட்டு வேண்டும். அதோடு, பிள்ளைகள் அங்கே இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரில் குதித்து ஒரு பிள்ளையை இழுத்து வரத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர் தோட்டத்தில் இருக்க வேண்டும். அந்த ஆள் என் மகளாக இருக்கக் கூடாது. அப்படி ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை பிள்ளைகள் இங்கேதான்.

புனிதா


காப்பார்,
26 ஜூலை 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

லோரி நின்றது. டிரைவர் என்னைத் திட்டிய திட்டு போலீஸ் கோழிக்குக்கூட வராது.

ஆள் தேடுகிறேன்.

அப்பா


காப்பார்,
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

நல்ல செய்தி. ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். கொஞ்சம் வயதானவர். கொஞ்சம் மந்தம். ஆனால் எந்நேரமும் தோட்டத்திலேயே இருப்பார், சம்பளம் கேட்கமாட்டார். இப்போது பயிற்சியில் இருக்கிறார். தேறுவாரா என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை.

வேலி போட்டு முடித்தாயிற்று. ரம்புத்தான் காய்த்துக் கொட்டுகிறது. பறிக்க ஆளில்லை, அணில் தின்கிறது. மாப்பிள்ளையிடம் ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
6 செப்டம்பர் 2025

அப்பா,

நேராகவே கேட்கிறேன். குடிக்கிறீர்களா?

உங்கள் கண்கள் சிவந்திருக்கின்றன என்று தனேஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேற்கொண்டு கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, புனி" என்று பாத்திரம் கழுவப் போய்விடுகிறார். கேட்காமல் பாத்திரம் கழுவுகிற ஆள் இல்லை அவர். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் ஆட்டுக்குத் தழை வைக்கக்கூட நீங்கள் தோட்டத்தில் இருப்பதில்லையாம், ஆ செங் சொல்லியிருக்கிறார். போன வாரம் கிள்ளானில் மலர் ஆன்டி உங்களைப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு பை. கூப்பிட்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்துவிட்டீர்களாம். அது பெண்கள் அழகு நிலையம், அப்பா.

அம்மா போன புதிதில் ஆறு மாதம் குடித்தீர்கள். அந்த ஆறு மாதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இது அதுவானால், நீச்சல் தெரிந்த ஆள் பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

அடுத்த வாரம் விடுமுறை தொடங்குகிறது. ரிஷி பையை எடுத்து வைத்துவிட்டான். தோட்டத்துக்குப் போகவில்லை என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

புனிதா


காப்பார்,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

ஆமாம், குடிக்கிறேன். செவ்வாயும் வியாழனும் கிள்ளானில், பொதுமக்கள் பார்க்க, வயிறு நிறையக் குடிக்கிறேன். குளோரின் போட்ட தண்ணீர். கண் சிவக்காமல் என்ன செய்யும்?

நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், அம்மா. நான் சொன்ன அந்த மந்தமான ஆள் நானேதான்.

தேறிய பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். மாப்பிள்ளையிடம் முருகன் மேல் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், அவர் பாத்திரம் கழுவியே காலத்தைக் கடத்தியிருக்கிறார். இனி எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கால்பந்து ஆடும் அரைக்கால் சிலுவாரும் பனியனுமாகப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், பேரப்பிள்ளைய அழைச்சிட்டு வந்தீங்களா?" என்றான். "இல்லை தம்பி, நான்தான் பேரப்பிள்ளை" என்றேன். நீச்சலுக்கென்று தனி உடுப்பு வேண்டுமாம், தலைக்கு ரப்பர் தொப்பி வேண்டுமாம். என் தலையில் இருப்பதே பதினேழு முடி. அதற்கும் தொப்பி. தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவித்த முட்டைக்கு மீசை வைத்ததுபோல் இருந்தேன். மலர் பார்த்தது அந்தத் தொப்பியும் உடுப்பும் இருந்த பை. அழகு நிலையத்தில் இருந்த பெண், "என்ன செய்யணும் அங்கிள்?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம்மா, நான் ஏற்கெனவே அழகுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆரம்ப வகுப்பில் என்னோடு படிப்பவர்களுக்கெல்லாம் ஐந்து, ஆறு வயது. எனக்கு ஜோடியாகக் கிடைத்தவள் மெய் மெய் என்று ஒரு சீனப் பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லை. முதல் நாளே எனக்குப் புத்தி சொன்னாள்: "அங்கிள், தண்ணிய குடிக்காதீங்க லா. நெறைய பேர் உள்ளேயே ஒண்ணுக்கு போறாங்க." "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு முங்கிப் போய்விட்டாள்.

கோச் ஒரு மலாய்ப் பெண், பெயர் ஃபாரா. உன் வயதில் பாதிதான் இருப்பாள். "ரிலேக்ஸ், அங்கிள். தண்ணிகூட சண்டை போடாதீங்க" என்கிறாள். மகளோடு போடும் சண்டையே தீரவில்லை, இதில் தண்ணீரோடு வேறா என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வாய் திறந்தேன், தண்ணீர் உள்ளே போய்விட்டது.

இப்போது மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்தே பாதி தூரம் போகிறேன். மெய் மெய் முழுத் தூரமும் போய்விட்டுத் திரும்பி வரும்போது எனக்குக் கையசைக்கிறாள்.

ரிஷியின் பையைப் பிரிக்காதே. அப்படியே இருக்கட்டும். டிசம்பருக்கு ஆகும்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
27 செப்டம்பர் 2025

அப்பா,

கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். அவித்த முட்டை இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார்கள். குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிப்பது நீச்சல் ஆகாது. பலகை இல்லாமல் முழுத் தூரமும் போக வேண்டும். பிறகு ரிஷி எடையுள்ள ஒன்றை ஆழத்திலிருந்து கரைக்கு இழுத்து வர வேண்டும். நீங்கள் என் அப்பா என்பதற்காக ஒரு அங்குலம்கூடக் குறைக்கமாட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ரிஷி கேட்டான், "தாத்தா என்னைவிட ஜூனியரா?" என்று. ஆமாம் என்றேன். நாலு மாதமாகக் கொண்டோ குளத்துப் பக்கமே போகாதவன், நேற்று தானாகவே போய்ப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தான்.

புனிதா


காப்பார்,
25 அக்டோபர் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆட்டுக்கறி, தோசை, பலகாரம் எல்லாம் நன்றாகக் கொடுத்தாய். நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச ஆரம்பித்தால் என்ன ஆகுமோ என்ற பயம் உனக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. கேட்டிருந்தாலும் நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த நீச்சல் குளம் பாதிவரை எனக்கு மார்பளவுதான். அதற்கு மேல் தரை சரிந்துகொண்டே போகும். அந்த இடம் வந்ததும் என் கால் தானாகக் கீழே போய்த் தரையைத் தேடுகிறது. தரை இல்லை என்று தெரிந்ததும் அன்றைக்கு நின்றது ஞாபகம் வந்துவிடுகிறது. சேறு பிடித்துக்கொண்ட கால், வாய்க்கு நேரே தண்ணீர், எட்டாத தூரத்தில் அந்தப் பிள்ளையின் கை. கை இருந்தது, புனிதா, தலை தெரியவில்லை. உடனே சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். நாலு வாரமாக அதே இடம், அதே சுவர். மெய் மெய் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். இப்போது எனக்கு ஜோடி ஒரு நாலு வயதுப் பையன். அவனும் என்னைத் தாண்டிவிடுவான்போல் இருக்கிறது.

வருஷக் கடைசி நீச்சல் விழா நவம்பர் பதினைந்தாம் தேதி. ஆரம்ப வகுப்புக்கு ஒரு போட்டி உண்டு, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. ஃபாரா என் பெயரையும் எழுதிவிட்டாள். எடுத்துவிடும்மா என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
1 நவம்பர் 2025

அப்பா,

பெயரை எடுக்காதீர்கள்.

கை இருந்தது, தலை தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே. அதை நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை. நீங்கள் ஜோக்காகவே பேசிக்கொண்டிருந்ததால் உங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று நினைத்துவிட்டேன்.

கடிதத்தைத் தாமரையிடம் காட்டினேன். ஐந்து நிமிஷம் யோசித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தாத்தா தலைய தூக்கி மேல பாக்கறாங்க. அதான் கால் கீழ போகுது. மொகத்த தண்ணிக்குள்ள வச்சு அடியில இருக்கிற கறுப்புக் கோட்ட பாக்க சொல்லுங்க. மூக்கால ஊதணும். தரைய தேட வேணாம், கோட்ட மட்டும் பாத்தா போதும்."

ரிஷி சொன்னது: "வாத்து பின்னால வருதுன்னு நெனச்சிக்க சொல்லுங்க."

புனிதா


காப்பார்,
8 நவம்பர் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

கோட்டைப் பார்த்தேன். மூக்கால் ஊதினேன். வாத்தையும் நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன்! முழுத் தூரம் இல்லை, நடுவில் ஒரு தடவை கயிற்றைப் பிடித்தேன். ஆனால் தாண்டிவிட்டேன். ஃபாரா விசிலை ஊதிக்கொண்டே குதித்தாள். விபத்து என்று நினைத்துக் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

விழாவுக்கு நீங்கள் யாரும் வரவேண்டாம். முடித்துவிட்டால் எழுதுகிறேன். முடிக்காவிட்டால் வாத்து வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
22 நவம்பர் 2025

அன்புள்ள அப்பா,

வரவேண்டாம் என்றீர்கள். வந்தோம். எங்களைப் பார்த்தால் உங்கள் கால் கீழே போய்விடும் என்று தாமரை சொன்னதால் தூணுக்குப் பின்னால் நின்றோம். விழா முடிந்ததும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுததில் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் சொல்வதுதான் நமக்கு வருகிறது.

உங்களை முதலில் பார்த்தது ரிஷி. "அம்மா, முட்டை!" என்று கத்தப் போனான். தனேஷ் அவன் வாயைப் பொத்தினார். இடுப்பு உயரப் பிள்ளைகள் வரிசையில் நீங்கள் மட்டும் தென்னை மரம்போல் நின்றீர்கள். விசில் ஊதியதும் எல்லாரும் குதித்தார்கள். நீங்கள் ஏணியில் இறங்கினீர்கள். அப்போதே பாதிப் பிள்ளைகள் பாதி தூரம் போய்விட்டார்கள்.

தரை சரிகிற அந்த இடம் எனக்கு மேலிருந்தே தெரிந்தது, தண்ணீரின் நிறம் மாறுகிறது. நீங்கள் அங்கே வந்ததும் கொஞ்சம் தடுமாறினீர்கள். தாமரை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "கோடு, தாத்தா, கோடு" என்று முணுமுணுத்தாள். உங்கள் தலை உள்ளே போனது. கை வந்தது. பிறகு இன்னொரு கை வந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள், குளத்தில் நீங்கள் ஒருவர்தான். முன்பல் இல்லாத ஒரு பிள்ளை எழுந்து நின்று, "அங்கிள், கொஞ்சம் தூரம்தான் லா! அங்கிள்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் "அங்கிள்! அங்கிள்!" என்று தட்ட ஆரம்பித்துவிட்டது. நான் "அப்பா" என்று கத்தினேன். அது யாருக்கும் கேட்டிருக்காது.

கடைசியாக வந்தீர்கள். சுவரைத் தொட்டீர்கள். தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டீர்கள்.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது, நம்புங்கள். தாமரையும் ரிஷியும் விழா தொடங்குமுன் ஃபாராவிடம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ரிஷி சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினான். உள்ளே நீச்சல் உடுப்பு. ஃபாரா தண்ணீருக்குள் தயாராக இருந்தாள். ஐந்து மாதமாகத் தலையில் தண்ணீர் படவிடாதவன், ஆழமான பக்கம் போய்த் தொப்பென்று குதித்து, மல்லாந்து மிதந்துகொண்டு, "தாத்தா! என்னை இழுங்க!" என்று கூப்பிட்டான்.

நீங்கள் போனீர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஃபாரா கற்றுக்கொடுத்தாளாமே, அதுபோலவே அவன் முகவாயைப் பிடித்து, ஒரு கையால் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். ஃபாரா பக்கத்திலேயே வந்தாள், ஆனால் தொடவில்லை. நான் கவனித்தேன்.

நிபந்தனை பூர்த்தியானது. டிசம்பர் இருபதாம் தேதி பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அன்றைக்குக் காலையிலேயே பிள்ளைகளை அழைத்து வருகிறோம். விடுமுறை முழுவதும் அங்கேதான். பையை இரண்டரை மாதமாக ரிஷி பிரிக்கவே இல்லை. உள்ளே இருந்த பிஸ்கட் எறும்பாகிவிட்டது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ரிஷி குதித்தபோது நானும் ஓடினேன், அப்பா. குளத்து விளிம்புவரை ஓடினேன். அங்கே கால் நின்றுவிட்டது. கட்டியிருந்த புடவையோடு விளிம்பில் நின்று, நீங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயிலும் அன்றைக்கு நீங்கள் கத்தியதுபோல் ஏதோ சத்தம்தான் வந்தது. எனக்கும் நீந்தத் தெரியாது. பிள்ளைகளைக் கொண்டோ குளத்தில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பவள் நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இடம் இருக்குமா?

உங்கள் மகள்,
புனிதா


காப்பார்,
29 நவம்பர் 2025

என் அருமை மகள் புனிதாவுக்கு,

இடம் இருக்கிறது. ஃபாராவிடம் கேட்டேன். "அங்கிளோட மகளா? அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டாள். ஆபீஸ் முடிந்ததும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிவிடு. கிள்ளான் ஸ்டேஷனில் நான் வேனோடு நிற்கிறேன். வேனில் ஆட்டு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

தொப்பி நானே வாங்கிவிட்டேன், ஊதா நிறம். முதல் நாள் வெட்கமாக இருக்கும். நான் பக்கத்துப் பாதையில்தான் இருப்பேன், என்னைப் பார்த்தால் வெட்கம் போய்விடும். எவ்வளவோ பேருக்குப் போயிருக்கிறது. தரை சரிகிற இடம் வந்தால் கோட்டைப் பார். அவசரமானால் வாத்தை நினைத்துக்கொள். என்ன நடந்தாலும் தண்ணீரைக் குடித்துவிடாதே, காரணம் உனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு எல்லாம் தயார். போலீசின் குஞ்சுகள் வளர்ந்து அதையே திட்டுகின்றன. தாமரை குதித்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு கல் பெஞ்சு போட்டிருக்கிறேன், அவள் உட்கார்ந்து வாத்துக் கதையைச் சொல்ல. மீன் பிடிக்கப் பம்பு வைத்தபோது ரிஷியின் செருப்பும் கிடைத்துவிட்டது. கழுவிக் காயவைத்திருக்கிறேன். இப்போது அவனுக்குச் சிறிதாக இருக்கும்.

வேலிக் கதவில் ஒரு வாசகம் எழுதி மாட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் நான் எழுதிய இரண்டாவது வாசகம்: 'நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் இருந்தால் மட்டும் திறக்கவும்.' இப்போதைக்கு ஒருவர்தான் இருக்கிறார். பிள்ளைகள் வந்தாலும், நீ தேறும்வரை நீச்சல் எல்லாம் கிள்ளானில்தான், வேலிக் கதவு திறக்காது. நீ என் மகள் என்பதற்காக ஒரு அங்குலம்கூடக் குறைக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் பார்ப்போம்.

அப்பா